திரி மாறிய வருஷம்

அன்புள்ள அப்பு,

நீ நலமா என்று கேட்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் பேசின குரலிலேயே தெரிந்துவிட்டது. சாப்பிட்டாயா என்று கேட்டேன், "ம்" என்றாய். தொட்டுக்க என்ன வெஞ்சனம் என்று கேட்டேன், அதற்கும் "ம்" என்றாய். நானும் முப்பது வருஷமாகத் திண்டுக்கல் சந்தைக்குப் போகிறேன், "ம்" என்று ஒரு காயைப் பார்த்ததில்லை. புனேயில் விளைகிறதோ என்னவோ. அடுத்த தடவை வரும்போது ஒரு கிலோ வாங்கி வா.

இந்தக் கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டி அனுப்பவில்லை. நம் மாதா கோயிலில் ஒவ்வொரு மாதமும் போடுகிற பங்கு மடலில் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். நீ படிக்கும் முன்னால் நம் நாகல் நகர் முழுக்கப் படித்திருக்கும். கோபப்படாதே. நீ பேசினதைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டு வேலை இருந்தது, இரண்டையும் ஊர் பார்க்கத்தான் செய்ய வேண்டும் என்று தோன்றியது. நான் அஞ்சாம் வகுப்போடு நிறுத்தினவள் என்பதால் பக்கத்து வீட்டு டீச்சர் எழுத்தைத் திருத்திக் கொடுத்தாள். எழுத்தை மட்டும் திருத்து, வார்த்தையைத் தொட்டால் உன் வீட்டுக்கு நான் வார்க்கிற மெழுகுவர்த்தி கிடையாது என்று மிரட்டித்தான் கொடுத்தேன்.

நீ என்ன சொன்னாய் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். "அம்மா, தப்பாப் போச்சு. அது மாறுதுன்னு சொன்னேன்ல, இப்ப அப்படிச் சொல்ல முடியாது. நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்டியா?" நான் என்ன பதில் சொன்னேன்? "இல்லடா, ஒண்ணு ரெண்டு பேருகிட்டதான்." பச்சைப் பொய். நாலு மாதத்துக்கு முன்னால் நீ அதைச் சொன்ன அன்றைக்கே ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னேன், பூக்கடையில் சொன்னேன், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயைத் திறக்கச் சொன்னதும் அதைத்தான் சொன்னேன். ஞாயிறு பூசை முடிந்து சாமியாரே மைக்கில் சொல்லி எல்லாரும் கை தட்டினார்கள். உன் அப்பா எழுந்து நின்று கும்பிட்டார், ஏதோ அவர்தான் கண்டுபிடித்த மாதிரி.

இப்போது கை தட்டினவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும், எதற்குத் தட்டினோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கே தெரிய ஒன்பது வருஷம் ஆயிற்று. நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் பேப்பரில் வந்த துண்டுச் செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாய். வானத்தில் இருக்கிற நட்சத்திரக் கூட்டங்கள் எல்லாம் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன, அது பழைய சங்கதி. ஒன்றை ஒன்று இழுப்பதால் அந்த ஓட்டம் நாளாக நாளாகக் குறையும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அளந்து பார்த்தால் கூடிக்கொண்டே போகிறது என்றாய். கன்னிவாடி மலைப்பக்கம் மேட்டில் ஏறுகிற மினிபஸ்ஸில் டிரைவர் காலை எடுத்துவிட்டார், ஆனாலும் வண்டி முன்னைவிட வேகமாக ஏறுகிறது என்றால் உள்ளே இருக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்ததாம் படித்தவர்களுக்கு. பின்னால் இருந்து எது தள்ளுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாத அந்த ஒன்றுக்கு இருண்ட ஆற்றல் என்று பேர் வைத்தார்கள். "பேரு வச்சாச்சுல்ல, அப்புறம் என்ன, ஞானஸ்நானம் முடிஞ்சுது" என்றேன். நீ முறைத்தாய்.

"அம்புட்டு தூரத்த எப்படிடா அளந்தாங்க?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "மெழுகுவத்தி வச்சுத்தாம்மா" என்றாய். கேலி செய்கிறாய் என்று நினைத்துக் கரண்டியை எடுத்துவிட்டேன். பிறகு புரிந்தது. ஒரு வகை நட்சத்திரம் இருக்கிறதாம், வெடிக்கும்போது எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் தருமாம். ஒரே அச்சில் வார்த்த மெழுகுவர்த்திகளை ஒன்றைப் பக்கத்திலும் ஒன்றைத் தெருக்கோடியிலும் வைத்தால், மங்கலாகத் தெரிவது தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதே கணக்கு. படித்தவர்களே அந்த நட்சத்திரத்தை மெழுகுவர்த்தி என்றுதான் சொல்கிறார்களாம். அன்றைக்கு எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே. பூமியில் நான், வானத்தில் அவர்கள். தொழில் ஒன்றுதான்.

அப்புறம்தான் நீ உன் கேள்வியைச் சொன்னாய். தள்ளுகிற அந்த ஒன்று என்றைக்கும் ஒரே அளவில் தள்ளுகிறதா, காலத்தோடு கூடிக் குறைகிறதா? ரசத்தில் தண்ணீர் ஊற்றினால் காரம் குறையும். இதில் குறையவில்லை போலிருக்கிறது, இடம் பெருகப் பெருக ஒவ்வொரு கரண்டியிலும் அதே காரம் என்கிறார்கள், அது அப்படியே மாறாமல் இருந்தால் ஒரு காலத்தில் மற்ற நட்சத்திரக் கூட்டங்கள் எல்லாம் கண்ணுக்கு எட்டாமல் போய் நாம் மட்டும் இருட்டில் இருப்போம் என்றாய். கூடிக்கொண்டே போனால் கடைசியில் எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிடும். குறைந்தால் ஓட்டம் தளரலாம், திரும்பிக்கூட வரலாம். "எப்படா இது?" என்றேன். "பல நூறு கோடி வருஷம் ஆகும்மா" என்றாய். "அப்ப இந்த ஞாயித்துக்கிழமை கறி எடுக்கலாம்" என்றேன். அதற்கும் முறைத்தாய். ஆனால் அதற்குப் பிறகு சொன்னதுதான் என் மனதில் நின்றது. "முடிவு எப்படிங்கிறது இல்லம்மா விஷயம். மாறலேன்னா அது வெறும் இடத்தோட குணம், அம்புட்டுதான். மாறுதுன்னா அங்க ஏதோ ஒண்ணு இருக்கு, நடமாடுது. அது என்னன்னு ஒருத்தருக்கும் தெரியாது." அந்த 'ஏதோ ஒண்ணு' என்று சொன்னபோது உன் கண்ணைப் பார்த்தேன். சரி, இவன் இனி நம் மெழுகுப் பானைக்குத் திரும்ப மாட்டான் என்று அன்றே தெரிந்துகொண்டேன்.

அந்தக் கேள்வியின் பின்னால் புனேயில் ஆராய்ச்சி என்று நாலு வருஷம் அலைந்தாய். நீ அளந்து வரைந்த கோடு மாறுகிற பக்கம் சாய்ந்தது. ஜெர்மனியில் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள், அங்கேயே ஒரு வேலையும் தருவதாகச் சொன்னார்கள். போன மாதம் நீயே உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப அளந்திருக்கிறாய். பக்கத்து நட்சத்திரங்களை ஒரு தொலைநோக்கியில் பார்த்தது, தூரத்து நட்சத்திரங்களை வேறொன்றில் பார்த்தது. அதில் ஒன்று நீல வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக் காட்டியிருக்கிறது. அதைச் சரிசெய்ததும் சாய்ந்த கோடு நிமிர்ந்துவிட்டது. இப்போது மாறுகிறது என்றும் சொல்ல முடியாது, மாறவில்லை என்று சத்தியம் செய்யவும் முடியாது. அடுத்த மாதம் அதே கூட்டத்தில் அதைச் சொல்லப்போகிறாய். அந்த வேலை கிடைக்காமல் போகலாம். "வேற யாரும் இன்னும் கண்டுபிடிக்கலம்மா, நாந்தான் பாத்தேன். நாந்தான் சொல்லணும்" என்றாய். இதைச் சொல்லிவிட்டு, தலைகுனிய வைத்துவிட்டேனே என்றாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆக, கை தட்டினவர்களே, தட்டினது தட்டினதாகவே இருக்கட்டும், திருப்பிக் கேட்கமாட்டேன். ஆனால் எதற்குத் தட்டினோம் என்பதை மாற்றிக்கொள்ளுங்கள். அது என் முதல் வேலை.

இரண்டாவது வேலைக்கு நீ ஆறாம் வகுப்பு படித்த வருஷத்துக்குப் போக வேண்டும். அப்போது நம் கோயிலில் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை நற்கருணையைப் பீடத்தில் வைத்து ஆராதனை இருக்கும், அதுவரை ஆண்டவரை ஒரு நிமிஷமும் தனியாக விடக்கூடாது. தெருவுக்கு ஒரு முறை, முறைக்கு ஒரு மெழுகுவர்த்தி. ஆண்டவர் முன்னால் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பது மரியாதை இல்லை என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் வைத்த ஏற்பாடு. பீடத்துக்குப் பக்கத்தில் தனித் தண்டில் ஒரு மெழுகுவர்த்தி எரியும். அது அணைந்ததும், கோயில் சாவியும் மணியும் கவனிக்கிற கோயில்பிள்ளை சவரிமுத்து அண்ணன் மணி அடிப்பார், அடுத்த தெருக்காரர்கள் வந்து முழங்காலில் நிற்பார்கள். பன்னிரண்டு தெரு, பன்னிரண்டு மெழுகுவர்த்தி, பன்னிரண்டு மணி நேரம். அந்தப் பன்னிரண்டையும் வார்ப்பது நான்தான். என் மெழுகுவர்த்தி ஒன்று சரியாக ஒரு மணி நேரம் எரியும் என்று ஊருக்கே தெரியும். அதைச் சொல்லித்தான் உன் அப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு கன்னிவாடி வரைக்கும் போய் விற்றுவருவார்.

திரிக்கு நூல் சின்னாளபட்டித் தறிக்காரர்களிடம் வாங்குவேன். அந்த வருஷம் வழக்கமான நூல் இல்லை, கொஞ்சம் முரடான நூல்தான் இருந்தது. விரலில் எடுத்து முறுக்கும்போதே தெரிந்தது, திரி தடித்துப்போகிறது என்று. ஓர் இழையைக் குறைத்து முறுக்கியிருக்கலாம். ஒன்றை எரித்துப் பார்த்திருக்கலாம். ஆர்டர் கழுத்தை நெரித்தது, அடுப்பில் மெழுகு காய்ந்துகொண்டிருந்தது. அச்சு அதே அச்சு, எடை அதே எடை, பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. வார்த்துக் கொடுத்துவிட்டேன்.

திரி தடித்தால் சுடர் பெரிதாகும், மெழுகு சீக்கிரம் தீரும். ஒவ்வொரு தெருவின் முறையும் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மணி அடித்ததும் அடுத்த தெரு ஓடிவரும், சேலை மாற்றாமல்கூட ஓடிவந்தார்கள். மூன்று மணிக்கெல்லாம் பன்னிரண்டும் தீர்ந்துவிட்டது. முறை முடிந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆறு மணிக்கு ஆராதனை முடிக்கிற ஆசீர்வாதத்துக்குச் சாமியாரும் பாட்டுக்காரர்களும் வந்து பார்த்தால் கோயில் காலி. சவரிமுத்து அண்ணன் மட்டும் அணைந்த தண்டுக்குப் பக்கத்தில் முழங்காலில் நிற்கிறார். ஆண்டவரை மூன்று மணி நேரம் தனியாக விட்டுவிட்டார்கள் என்று ஊர் கூடிவிட்டது. அவர்தான் மெழுகுவர்த்திகளின் அடியை வெட்டி எடுத்துக்கொண்டார் என்று யாரோ ஆரம்பித்தார்கள். "நான் வெட்டல சாமி" என்று மட்டும் சொன்னார் அவர். அப்போது இருந்த சாமியார் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, உன் மெழுகுவத்தி ஒரு மணி நேரம் எரியும்ல?" என்றார். நான் தலையை நிமிர்த்திச் சொன்னேன்: "என் மெழுகுவத்தி மாறாது சாமி." அந்த ஒரு வார்த்தையில் சவரிமுத்து அண்ணன் கையிலிருந்த சாவிக்கொத்து போயிற்று.

மறுநாள் நீ என்ன செய்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். போன வருஷத்து மெழுகுவர்த்தி ஒன்றைப் பெட்டிக்கு அடியிலிருந்து தேடி எடுத்தாய், இந்த வருஷத்தது ஒன்று. இரண்டையும் அடுப்படியில் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றி வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். காற்று வரக்கூடாது என்று கதவைச் சாத்தி என்னை வெளியே நிறுத்தினாய், என் அடுப்படியிலிருந்து என்னையே. கதவைத் திறந்து, "அம்மா, புதுசு பெருசா எரிஞ்சுச்சு, சீக்கிரம் முடிஞ்சுருச்சு. திரி மாறிருச்சும்மா" என்றாய். நான் என்ன செய்தேன்? பாராட்டினேனா? "வெளிய மூச்சு விட்ட, தோல உரிச்சுருவேன்" என்றேன். அழ ஆரம்பித்தாய். உன் வாயை அடைக்கப் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஒரு பொட்டலம் பிரியாணி வாங்கி வந்து கையில் கொடுத்தேன். நம் வீட்டில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான் பிரியாணி. கறி தொடாத தவக்காலத்தில், அதுவும் பொய்யைக் காப்பாற்ற, உனக்குக் கறி வாங்கித் தந்த தாய் நான். நீ வாங்கிக்கொண்டு வெளியே போனாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பிரியாணி வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வாரமே நல்ல நூல் வந்தது, மெழுகுவர்த்தி மறுபடி ஒரு மணி நேரம் எரிந்தது. சவரிமுத்து அண்ணன் கன்னிவாடியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பதினைந்து வருஷம் நான் நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. வானத்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் நீ உன் மெழுகுவர்த்தியைச் சந்தேகப்பட்டிருக்கிறாய். நான் என் மெழுகுவர்த்தியைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட விட்டேன். செவ்வாய்க்கிழமை காலை கன்னிவாடி பஸ் ஏறினேன். சவரிமுத்து அண்ணன் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். முடியெல்லாம் வெளுத்துவிட்டது, குரல் அதே மணிக்குரல்.

"வாம்மா மெழுகுவத்தி. வழி தெரிஞ்சுச்சா?"

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"மொதல்ல மோரக் குடி. சொல்றது எங்கயும் ஓடிறாது."

மோரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நூல், திரி, நீ எரித்துப் பார்த்தது, நான் மிரட்டினது. அவர் உரிப்பதை நிறுத்தவே இல்லை.

"திரிதான? தெரியும்" என்றார்.

"யாரு சொன்னா?"

"ஒம் மகன்தான். சாவியப் புடுங்குன மறுநாளு, கோயிலுக்குப் பின்னாடி மூட்ட கட்டிக்கிட்டு இருந்தேன். கையில ஒரு பொட்டலத்தோட வந்து நின்னான். 'மாமா, திரி தடிச்சுப் போச்சு, நீங்க வெட்டல, நான் எரிச்சுப் பாத்தேன். அம்மா பிரியாணி வாங்கிக் குடுத்து வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. பாதியத் தின்னுட்டேன், அதுனால ஊருக்குச் சொல்ல முடியாது. மீதிப் பாதி உங்களுக்கு, உங்ககிட்ட மட்டும் சொல்லிக்கிறேன்'னான்."

மோரைக் கீழே வைத்தேன். "நீங்க ஏண்ணே சாமிகிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்ல? அறியாப் பய அவங்க ஆத்தாளக் காட்டிக் குடுத்தான்னா? நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். வரல. அப்புறந்தான் கோவம் வந்துச்சு. நாலஞ்சு வருஷம் உன் மெழுகுவத்திய இந்த வீட்டுக்குள்ள விடல. கரண்டு போனா இருட்டுலயே ஒக்காந்திருப்பேன். எம் மக திட்டுவா."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்குத் தெரிஞ்சதத்தான எங்கிட்டச் சொன்ன? அதுக்கு எதுக்கு மன்னிப்பு. தெரியாதவங்க அங்கன இருக்காக, அவங்ககிட்டச் சொல்லு. எம் பேரையும் போட்டுச் சொல்லு." அடுத்த மொச்சையை எடுத்துக்கொண்டே, "இன்னொண்ணும் சொல்லு. அன்னைக்கு ஆண்டவர் தனியா இல்ல. மூணு மணியில இருந்து நான் இருந்தேன்" என்றார்.

அதனால் பன்னிரண்டு தெருக்காரர்களுக்கும் சொல்கிறேன். அந்த வருஷம் கோயில்பிள்ளை சவரிமுத்து ஒரு மெழுகுவர்த்தியையும் வெட்டவில்லை. என் மெழுகுவர்த்தி மாறாது என்று நான் சொன்னது பொய். மாறினது, மாற்றினது நான், அது மறுநாளே எனக்குத் தெரியும். அன்று மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை நம் எல்லாருக்குமாக முழங்காலில் நின்றவர் அவர் ஒருவர்தான். இப்போது இருக்கிற சாமியார் இதை இரண்டு தடவை படித்தார். பிறகு, "அப்படியே போட்டுருவோம்மா" என்றார். நாளைக்கு என்னிடம் மெழுகுவர்த்தி வாங்க யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று தெரியாது. வராவிட்டால் நீ புனேயிலிருந்து அந்த "ம்" காயை மூட்டையாக அனுப்பு, விற்றுப் பிழைத்துக்கொள்கிறேன்.

அப்பு, உனக்கு நான் புத்தி சொல்வது, தறிக்காரருக்கு நான் நூல் விற்கிற மாதிரி. ஆனாலும் அம்மாவாகப் போய்விட்டேன், இரண்டு சொல்லாமல் இருக்க முடியாது. ஜெர்மனியில் மேடை ஏறினதும் முதல் வரியிலேயே சொல்லிவிடு, நான் முன்னே சொன்னது நிற்கவில்லை என்று. சுற்றி வளைத்தால் நாக்கு காய்ந்துவிடும், இந்தக் கடிதத்தில் நான் எவ்வளவு சுற்றினேன் என்று பார்த்தாய் அல்லவா. சொல்லி முடித்ததும் மன்னிப்புக் கேட்டு நெளிந்துகொண்டு நிற்காதே, திரி எங்கே தடித்தது என்பதைக் காட்டு, அது மற்றவர்களுக்கு உதவும். யாராவது, அப்படியானால் அது மாறுகிறதா இல்லையா என்று கேட்டால், தெரியவில்லை என்று சொல். நீ அந்தச் சொல்லைச் சொல்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று நான் ஊரெல்லாம் சொன்னபோது எனக்கு இருந்த பெருமை பல் டாக்டர் வரைக்கும்தான் போயிற்று. இப்போது இருக்கிறது கன்னிவாடி வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறது. பாதிப் பொட்டலம் பிரியாணியைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போய் நின்ற பிள்ளையை நான்தான் பெற்றேன் என்று பதினைந்து வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பாதியைச் சவரிமுத்து அண்ணன் சாப்பிட்டாரா என்று கேட்டேன். உப்புக் கொஞ்சம் கம்மி என்றார்.

உன் துணிப்பெட்டியில் வைக்க ஒரு மெழுகுவர்த்தி தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், நேற்று வார்த்தது. ஜெர்மனியில் கரண்டு போகாதாம், இருந்தாலும் ஏற்று. எவ்வளவு நேரம் எரியும் என்று இந்தத் தடவை நான் சொல்லமாட்டேன். நீ எரித்துப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்.

உன்
அம்மா